ஒருநாள் பயணத்துக்கு எதற்கு மாற்றுத்துணி?

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை. கோவையிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, ஊட்டி வழியாகக் கூடலூரில் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு, ராத்திரிக்குள் வீடு திரும்புவதாகத் திட்டம். காரில் நான், மனைவி, எட்டு வயது மகள், 74 வயது அப்பா. கிளம்பும்போது மனைவி கேட்டாள், "ஏனுங்க, ஆளுக்கொரு செட் துணி எடுத்து வெச்சுக்கலாமா?"

"ராத்திரி வந்துடப் போறோம். ஒருநாள் பயணத்துக்கு எதுக்குத் துணி?" என்றேன்.

பைக்காரா தாண்டி, நடுவட்டத்துக்கு முன்னால் ரோட்டுக்குக் குறுக்கே பெரிய கற்பூர மரம் ஒன்று விழுந்து கிடந்தது. எங்களுக்கு முன்னால் பதினைந்து வண்டிகள். விடாத மழை, காற்று. அப்பா விவசாயி. மரம் விழுந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார அவரால் முடியாது. ஒரு லாரியில் அரிவாள் இருந்தது. நாலைந்து பேரோடு சேர்ந்து கிளைகளைக் கழிக்க இறங்கிவிட்டார். நானும் போனேன். முக்கால் மணி நேரம் நனைந்தோம். அடிமரம் எங்களால் அசைக்கிற அளவில் இல்லை. தீயணைப்புத் துறை அறுவை மெஷினோடு வரட்டும் என்று வண்டிக்குத் திரும்பினோம்.

வெளியே 14 டிகிரி என்று காரின் டிஸ்ப்ளே காட்டியது. பெட்ரோல் கால் டேங்குக்கும் கீழே. பத்து நிமிஷம் ஹீட்டர் போட்டுவிட்டு எஞ்சினை நிறுத்தினேன். எனக்குப் பல் அடித்துக்கொண்டது. அப்பா அமைதியாக இருந்தார். "குளுருதாப்பா?" என்றேன். "இல்லடா கண்ணு" என்றார்.

அரைமணி நேரம் போயிருக்கும். "மாமா, டீ குடிக்கறீங்களா?" என்று மனைவி ஃப்ளாஸ்க் மூடியை நீட்டினாள். அவரால் அதைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. மடியில் கொட்டிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "மோட்டார ஆஃப் பண்ணியாச்சா?" என்று கேட்டார். தோட்டத்து மோட்டாரைக் கேட்கிறார். நாங்கள் இருந்தது நீலகிரியில். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். நான் அப்படி நினைத்தேன் என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

தீயணைப்பு வண்டி ஊட்டியிலிருந்து கிளம்பிவிட்டது என்று சொல்ல வந்த லாரி டிரைவர், கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். "சார், பெரியவரு ஈரத்தோடவே உக்காந்திருக்காரு. மொதல்ல துணிய மாத்துங்க."

"மாத்துத்துணி இல்லைங்க."

ஒரு நொடி என்னைப் பார்த்தார். லாரிக்குப் போய், பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு மஞ்சப்பையோடு வந்தார். உள்ளே ஒரு லுங்கி, பனியன், பழைய ஸ்வெட்டர், குல்லா. கூட ஒரு கம்பளி. எல்லாம் மொடமொடவென்று காய்ந்த துணி. அப்பாவின் ஈர வேட்டி, சட்டை எல்லாவற்றையும் கழற்றி, துடைத்து, அவற்றைப் போட்டுவிட்டோம். மகளை ஒரு பக்கம் அணைத்து உட்கார வைத்தோம். நன்றாகப் பிடிக்க முடிந்த பிறகு சர்க்கரை போட்ட டீ. முக்கால் மணி நேரம் கழித்து, "ஏன்டா, இன்னுமா அந்த மரத்த அறுக்கறாங்க?" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அடுத்த நாள் எங்கள் குடும்ப டாக்டர் கேட்டுவிட்டு, அது ஹைப்போதெர்மியாவின் தொடக்கம் என்றார். "தூங்கறாருன்னு விட்டிருந்தீங்கன்னா கஷ்டம்."

நான் டாக்டர் இல்லை. மென்பொருள் எழுதுகிறவன். ஆனால் 14 டிகிரியில், உறைபனிகூட இல்லாத இடத்தில், ஒரு மனுஷனுக்கு இது எப்படி நடக்கும் என்ற கேள்வி விடவில்லை. அதற்குப் பிறகு படித்தது, வீட்டில் எடை போட்டுப் பார்த்தது, இப்போது காரிலும் பையிலும் வைத்திருப்பது, எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஈரத்துணி உடம்பை என்ன செய்கிறது?

துணி நம்மைச் சூடாக்குவதில்லை. இழைகளுக்கு நடுவே காற்றை அசையாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். காற்று மிக மோசமான வெப்பக்கடத்தி. அதனால் உடம்பின் சூடு மெதுவாகத்தான் வெளியேறும். மழை நனைத்ததும் அந்தக் காற்றின் இடத்தில் தண்ணீர் வந்து உட்காருகிறது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 24 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஸ்வெட்டர் ஸ்வெட்டராகத்தான் தெரியும். வேலை செய்யாது.

துணியின் இந்தத் தடுப்புத்திறனை அளக்க ஒரு அலகு உண்டு: குளோ. 1941-இல் உருவாக்கினார்கள். 21 டிகிரி அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குச் சுகமாக இருக்கும் உடை, அதாவது அந்தக் காலத்து கோட் சூட், 1 குளோ. காய்ந்த துணிக்குத்தான் இந்தக் கணக்கு. நனைந்து, காற்றும் அடித்தால் இதில் பெரும்பகுதி காணாமல் போய்விடும்.

இரண்டாவது வேலை இன்னும் மோசம். ஈரம் காய வேண்டும். காய வெப்பம் வேண்டும். வெயில் இல்லாவிட்டால் அந்த வெப்பத்தில் கணிசமான பங்கு நம் உடம்பிலிருந்துதான் போகிறது.

இதை எண்ணில் பார்க்க ஆசைப்பட்டு, சமையலறைத் தராசை எடுத்தேன். என் சொந்தத் துணிகள். காய்ந்த எடை முதலில், நனைத்துக் கையால் நன்றாகப் பிழிந்த பிறகு எடை அடுத்தது.

- ஜீன்ஸ்: 650 கிராம், 1,200 கிராம்
- பருத்தி டிஷர்ட்: 170 கிராம், 330 கிராம்
- பனியன், ஜட்டி, சாக்ஸ் மூன்றும் சேர்த்து: 190 கிராம், 340 கிராம்

பிழிந்த பிறகும் 860 கிராம் தண்ணீர் மிச்சம் இருக்கிறது. மழையில் நிற்கிறவன் துணியைக் கழற்றிப் பிழிவதில்லை. அப்போது இதைவிட அதிகம்.

சரி, கணக்கு. தோலின் சூட்டில் ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,430 கிலோஜூல் வேண்டும். 860 கிராமுக்குச் சுமார் 2,090 கிலோஜூல். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனின் உடம்பு உற்பத்தி செய்யும் வெப்பம் சுமார் 100 வாட், ஒரு பழைய குண்டு பல்பு மாதிரி. அந்த 100 வாட்டையும் வேறு எதற்கும் செலவழிக்காமல் துணி காய வைக்கவே கொடுத்தாலும் 5 மணி 48 நிமிஷம் ஆகும். அவ்வளவு நேரமும் உடம்புக்கென்று ஒன்றும் மிஞ்சாது.

இன்னொரு வகையில் பார்க்கலாம். 70 கிலோ உடம்பின் வெப்பநிலை ஒரு டிகிரி இறங்க, சுமார் 245 கிலோஜூல் வெளியேற வேண்டும். உடம்பின் உள்வெப்பம் இயல்பான 37 டிகிரியிலிருந்து 35-க்குக் கீழே போனால் அதற்குப் பெயர் ஹைப்போதெர்மியா. இரண்டு டிகிரிக்கு 490 கிலோஜூல். அதாவது 200 மில்லி தண்ணீரை ஆவியாக்கும் வெப்பம். ஒரு டம்ளர்!

நிஜத்தில் இவ்வளவு நேரடியாக நடக்காது. உடம்பு நடுங்கி அதிக வெப்பம் உண்டாக்கும், தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். சுற்றியிருக்கும் காற்றும் ஆவியாவதற்குக் கொஞ்சம் வெப்பம் கொடுக்கும். ஆனால் எந்த அளவில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது புரிகிறது இல்லையா? ஒரு டிஷர்ட்டில் தங்கும் ஈரம் அலட்சியப்படுத்துகிற சமாச்சாரம் இல்லை. இதே கணக்கை 20 கிலோ குழந்தைக்குப் போட்டால் 60 மில்லிகூட வரவில்லை. எடைக்கு ஏற்ப அவர்களுக்குத் தோல்பரப்பும் அதிகம். அதனால் குழந்தைகள் நம்மைவிட வேகமாகக் குளிர்வார்கள்.

வயதானவர்கள் கதை வேறு. நடுங்கும் திறனும், தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும் திறனும் வயதோடு குறைகின்றன. குளிரை உணர்வதும் மழுங்குகிறது. அப்பா "இல்லடா கண்ணு" என்றது வீறாப்பு இல்லை. நிஜமாகவே அவருக்குக் குளிர் தெரியவில்லை. என் பல் அடித்துக்கொண்டது நல்ல அறிகுறி. அவர் அமைதியாக இருந்தது கெட்ட அறிகுறி. நான் தலைகீழாகப் புரிந்துகொண்டேன்.

நடந்த சம்பவங்கள்

இது எங்களுக்கு மட்டும் நடந்த விசித்திரம் இல்லை. 1964 மார்ச் 14, 15 தேதிகளில் இங்கிலாந்தின் டெர்பிஷயர் மேடுகளில் 'ஃபோர் இன்ஸ்' என்ற நீண்ட நடைப்போட்டி நடந்தது. புறப்பட்டவர்கள் 240 பேர். மழையும் காற்றும் சேர்ந்துகொள்ள, முடித்தவர்கள் 22 பேர்தான். மூன்று இளைஞர்கள் இறந்தார்கள். மூவரும் சாரணர் இயக்கத்தின் மூத்த பிரிவைச் சேர்ந்தவர்கள், நடந்து பழகியவர்கள். 1953 எவரெஸ்ட் குழுவில் உடலியல் நிபுணராக இருந்த கிரிஃபித் பியூ இதை ஆராய்ந்தார். அதே மாதிரி உடைகளைக் காய்ந்த நிலையிலும் ஈரமாகவும், காற்று வீசும் அறையில் சோதித்துப் பார்த்தார். ஈரமும் காற்றும் சேரும்போது உடையின் தடுப்புத்திறன் எப்படிச் சரிகிறது என்பது அதில் தெளிவாயிற்று. களைப்பு இன்னொரு காரணம். நடந்துகொண்டே இருக்கும்வரை உடம்பு வெப்பம் உண்டாக்கும். களைத்து உட்கார்ந்த பிறகுதான் ஈரம் தன் வேலையைக் காட்டும். அப்பாவுக்கும் அப்படித்தான். அரிவாள் வீசியபோது ஒன்றும் ஆகவில்லை. காருக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான்.

நம் நாட்டில் இதைவிடப் பெரிய சோகம் நடந்திருக்கிறது. 1996 ஆகஸ்ட் மாதம் அமர்நாத் யாத்திரையில் எதிர்பாராத மழையும் பனியும் யாத்ரீகர்களைப் பாதை நெடுக மடக்கின. 240-க்கும் மேற்பட்டோர் குளிரிலும் களைப்பிலும் இறந்தார்கள். ஆகஸ்ட் மாதம், கோடைகால யாத்திரை. அதற்குப் பிறகு அமைத்த நிதிஷ் சென்குப்தா கமிட்டியின் பரிந்துரைகளை ஒட்டித்தான் யாத்ரீகர் எண்ணிக்கை, வயது வரம்பு எல்லாம் வந்தன. இன்றைக்கு அமர்நாத் கோயில் வாரியம் யாத்ரீகர்களுக்குத் தரும் குறிப்புகளைப் படித்தால் இரண்டு விஷயம் கண்ணில் படும். ஒன்று, துணிகளைத் தண்ணீர் புகாத பையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, புடவை இந்த யாத்திரைக்குச் சரிப்படாது, சல்வாரோ டிராக் சூட்டோ அணியுங்கள். புடவை விஷயத்தை யாராவது கலாச்சாரப் பிரச்சினை ஆக்குவதற்கு முன்னால், ஐந்தரை மீட்டர் பருத்தித் துணி எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று ஒருமுறை நனைத்துத் தூக்கிப் பார்க்கலாம்.

கார் விஷயத்துக்கு வருவோம். 2022 ஜனவரி முதல் வாரத்தில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், ஐ-95 நெடுஞ்சாலை பனியில் உறைந்து நின்றது. பலர் ஒரு பகலும் இரவும் காரிலேயே இருந்தார்கள். செனட்டர் டிம் கெய்ன் வாஷிங்டன் போய்ச் சேர 27 மணி நேரம் ஆனது. வழக்கமாக இரண்டு மணி நேரப் பயணம். அங்கே யாரும் இறந்ததாகச் செய்தி இல்லை. அதே வாரத்தில் பாகிஸ்தானின் மர்ரி மலையில் பனியில் சிக்கிய வண்டிகளில் குறைந்தது 22 பேர் இறந்தார்கள். குளிர் மட்டும் காரணம் இல்லை. புகைக்குழாயைப் பனி மூடிக்கொண்டால், ஹீட்டருக்காக ஓடும் எஞ்சினின் கார்பன் மோனாக்சைடு காருக்குள் திரும்பிவிடும். அதற்கு நிறமோ மணமோ கிடையாது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: ஹீட்டரை நம்பி இருக்கக் கூடாது. பெட்ரோல் தீரும், பேட்டரி போகும், எஞ்சினை நிறுத்தவேண்டிய நிலை வரும். காய்ந்த துணியும் கம்பளியும் இருந்தால் எஞ்சினை நிறுத்த தைரியம் வரும்.

இந்தச் சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு பொதுவான விஷயம் தட்டுப்பட்டது. மாட்டிக்கொண்டவர்களில் பலர் அங்கே தங்கத் திட்டமிட்டு வந்தவர்கள் இல்லை. நடந்து முடித்துவிடுவோம், சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவோம் என்று நினைத்தவர்கள். ஊட்டியில் இரண்டு நாள் தங்கப் போகிறவர் காரில் பெட்டி நிறையத் துணி இருக்கும். போய்விட்டு உடனே வருகிறவரிடம்தான் ஒன்றும் இருக்காது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் ஏறத்தாழ 1,900 மீட்டர் ஏறிவிடுகிறோம். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்று வைத்தால் 12 டிகிரி குறைகிறது. கீழே போட்ட சட்டையோடு மேலே போய் நிற்கிறோம்.

பருத்தியா, கம்பளியா, பாலியஸ்டரா?

மலையேறுகிறவர்கள் "பருத்தி கொல்லும்" என்பார்கள். பருத்தி தண்ணீரை இழைக்குள்ளேயே உறிஞ்சிக்கொள்ளும். மெதுவாகத்தான் காயும். பாலியஸ்டர் இழை ஏறக்குறைய ஒன்றும் உறிஞ்சாது. தண்ணீர் இழைகளுக்கு நடுவில் மட்டுமே நிற்கும், உதறினால் பாதி போய்விடும். கம்பளி, தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக்கூட ஈரமாகத் தெரியாமல் வைத்துக்கொள்ளும். இழைகள் சுருள் சுருளாக இருப்பதால் நனைந்தாலும் கொஞ்சம் காற்றைப் பிடித்து வைக்கும். விலை அதிகமான இறகு ஜாக்கெட் இருக்கிறதே, அது காய்ந்திருக்கும்வரை ராஜா. நனைந்தால் உள்ளே இருக்கும் இறகு கட்டியாகிவிடும்.

எனவே உடம்போடு ஒட்டிய முதல் துணியும் அதற்கு மேல் வரும் ஸ்வெட்டரும் பாலியஸ்டரோ கம்பளியோ ஆக இருப்பது நல்லது. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். ஆனால் இதை மந்திரமாக்கிவிடக் கூடாது. அன்றைக்கு அப்பாவைக் காப்பாற்றிய லுங்கி சுத்தப் பருத்தி. அது காய்ந்து இருந்தது. காய்ந்த பருத்தி, நனைந்த ஃப்ளீஸைவிட எப்போதும் மேல். புதிதாக எதுவும் வாங்காமல் வீட்டில் இருக்கும் பழைய துணியை இன்றைக்கே ஒரு கவரில் போட்டு வைப்பது, நல்ல துணி வாங்கும்வரை காத்திருப்பதைவிட உருப்படியான வேலை.

என் காரில் இருப்பது

ஆளுக்கு ஒரு செட்:

- முழுக்கை பாலியஸ்டர் டிஷர்ட், 150 கிராம்
- ஃப்ளீஸ் அல்லது ஸ்வெட்டர், 320 கிராம்
- தொளதொளப்பான டிராக் பேன்ட், 300 கிராம்
- உள்ளாடை, 60 கிராம்
- இரண்டு ஜோடி சாக்ஸ், 100 கிராம்
- குல்லா, 80 கிராம்

மொத்தம் 1,010 கிராம். நனைந்த துணியில் நான் சுமந்த தண்ணீரைவிட 150 கிராம்தான் அதிகம்.

எல்லோருக்கும் பொதுவாக இரண்டு துண்டு, இரண்டு லுங்கி, ஒரு நைட்டி, ஒரு கம்பளிப் போர்வை, நான்கு பெரிய குப்பைப் பைகள். லுங்கி, நைட்டியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். காருக்குள் நாலு பேருக்கு நடுவில் துணி மாற்றுவது லேசான காரியம் இல்லை. கூச்சத்தால் ஈரத்தோடு இருந்துவிடுகிறவர்கள் நிறைய. லுங்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் அதுவே மறைப்பு. நைட்டியை மேலே போட்டுக்கொண்டு உள்ளே இருக்கும் ஈரத்துணியை உருவிவிடலாம். அதைப் போட்டுக்கொண்டே எத்தனை நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம்.

குப்பைப் பை எதற்கு? ஒன்று, கழற்றிய ஈரத்துணியைப் போட. இன்னொன்று, மாற்றுத்துணியே இல்லாத ஒருவருக்கு. ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து போட்டு, அதற்கு மேல் குப்பைப் பையில் கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டினால், ஈரம் ஆவியாவது நின்றுவிடும். கசகசவென்று இருக்கும். ஆனால் மேலே போட்ட கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த 2,430 இப்போது வெளியே போகவில்லை. அதற்கு மேல் போர்வை. முகத்தை மட்டும் மூடக் கூடாது. குழந்தைகள் கையில் இந்தப் பையைக் கொடுக்கவும் கூடாது.

வைக்கும் முறை:

ஒவ்வொருவர் செட்டும் தனித்தனி ஜிப் கவரில். காற்றை அழுத்தி வெளியேற்றி, மேலே மார்க்கரால் பெயர். முதலில் போடவேண்டியது மேலே. இருட்டில், நடுங்கும் கையோடு தேடப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு அடுக்க வேண்டும். இந்தக் கவர்கள் எல்லாம் ஒரே பையில், முன் சீட்டுக்கு அடியில். டிக்கியில் வைத்தால் எடுக்க மழையில் இறங்க வேண்டும். பின்னால் இடிபட்டால் டிக்கி திறக்காமலும் போகலாம்.

வெயிலில் நிற்கும் காரில் எலாஸ்டிக் தளர்ந்துபோகும், கவர் மொறுமொறுத்துப்போகும். குழந்தைகள் வளர்ந்துவிடுவார்கள். நான் வருஷத்துக்கு இரண்டு தடவை, ஜூன் ஆரம்பத்திலும் அக்டோபர் ஆரம்பத்திலும், இரண்டு பருவமழைகளுக்கு முன்னால், பிரித்துப் பார்த்து, துவைத்து மாற்றுகிறேன்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். இந்த மூன்று வருஷத்தில் அந்தப் பையை ஐந்து முறை திறந்திருக்கிறோம். மூன்று முறை கொண்டை ஊசி வளைவில் மகள் வாந்தி எடுத்ததற்காக. அதில் தப்பில்லை. ஆனால் எடுத்த துணிக்குப் பதில் அன்றைக்கே வேறு வைத்துவிட வேண்டும். மறந்தால், அவசரத்தில் கவர் காலியாக இருக்கும்.

நடைப்பயணத்துக்கு

வெள்ளியங்கிரி ஏறினாலும் சரி, குமரி மலைப்பக்கம் போனாலும் சரி, பையில் இதே செட் ஒன்று. பைக்கு மேலே போடும் மழை உறையை மட்டும் நம்பாதீர்கள். தண்ணீர் முதுகுப் பக்கமாக இறங்கும். பைக்கு உள்ளே ஒரு கனமான பிளாஸ்டிக் பை, அதற்குள் துணி.

கடைப்பிடிக்கக் கஷ்டமான விதி இதுதான்: நடக்கும்போது அந்தச் செட்டைத் தொடக் கூடாது. நனைந்துவிட்டதே என்று வழியிலேயே மாற்றிக்கொண்டு மறுபடி மழையில் நடந்தால், இரண்டு செட்டும் நனைந்துவிடும். நடக்கும்வரை ஈரத்தோடு நட. நின்று, கூரைக்கு அடியில் உட்கார்ந்த பிறகு காய்ந்ததைப் போடு. மறுநாள் காலையில் நடக்க வேண்டுமென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ஈரத்துணியையே திரும்பப் போட வேண்டும். யாராவது நடுங்க ஆரம்பித்தால் அதுதான் விதிவிலக்கு. அங்கேயே காற்று படாத இடமாகப் பார்த்து மாற்றிவிட வேண்டும்.

மாற்றும் முறை

தெரியாமல் நான் செய்யவிருந்த தப்பு, ஈரச்சட்டைக்கு மேலேயே மனைவியின் சால்வையைப் போர்த்தியது. டிரைவர்தான் தடுத்தார். ஈரம் முழுவதும் கழற்றப்பட வேண்டும். முதலில் காற்றும் மழையும் படாத இடம். பிறகு மேலுடம்பு, துடைத்துக் காய்ந்ததைப் போட்டுவிட்டு, அடுத்தது கீழே. தலையைத் துவட்டி குல்லா. தரையிலோ குளிர்ந்த சீட்டிலோ நேரடியாக உட்காராமல் அடியில் ஏதாவது மடித்துப் போட வேண்டும். கையையும் காலையும் பரபரவென்று தேய்க்கக் கூடாது. நன்றாக நினைவோடு இருந்து, தானே விழுங்க முடிந்தால் சூடாக, இனிப்பாக ஏதாவது. பிராந்தி கொடுத்தால் சூடேறும் என்பது தப்பு. மது தோலின் ரத்தக்குழாய்களை விரியவைத்து, உள்சூட்டை வெளியே விட்டுவிடும்.

கவனிக்க வேண்டியவை: தடுமாறுவது, பொருளைப் பிடிக்க முடியாமல் நழுவவிடுவது, குளறிப் பேசுவது, சம்பந்தமில்லாமல் பேசுவது, முணுமுணுப்பது. துணி இன்னும் ஈரமாக இருக்கும்போதே நடுக்கம் நின்றுவிட்டால் அது குணமானதாக அர்த்தம் இல்லை, ஆபத்து முற்றிவிட்டது. உடனே 108.

மரத்தை அறுத்து வழிவிட்டபோது மதியம் இரண்டரை. கூடலூர் போய் அப்பாவுக்கு ஒரு வேட்டி வாங்கிக் கட்டிவிட்டு, டிரைவரைத் தேடினோம். லாரியை டீக்கடை பக்கம் நிறுத்தியிருந்தார். கம்பளியையும் ஸ்வெட்டரையும் வாங்கிக்கொண்டார். லுங்கியை நீட்டியபோது, "அது இருக்கட்டும் சார், வண்டியிலயே வெச்சுக்கங்க" என்றார்.

வண்டியிலேயேதான் இருக்கிறது. இரண்டு லுங்கி என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதில் ஒன்று அவருடையது.